எங்கள் பிள்ளைகளைப் பெயில் போடுங்கள், மாஸ்டர்

தமிழ்நாட்டில் கராத்தே வகுப்பு நடத்தும் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாஸ்டர்களுக்கு,

வணக்கம். பெற்றோர்கள் உங்களிடம் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "அடுத்த பெல்ட் எப்போ மாஸ்டர்?" "எதிர் ஃபிளாட் பையன் ஆரஞ்சு வாங்கிட்டான், இவன் மட்டும் இன்னும் யெல்லோவிலயே நிக்கிறானே?" "டெஸ்ட் அன்னைக்கு ஊர்ல கல்யாணம், பெல்ட்டை மட்டும் எடுத்து வெச்சிடுங்களேன்." இந்தக் கடைசி வேண்டுகோளை நான் என் காதால் கேட்டேன். பெல்ட்டும் எடுத்து வைக்கப்பட்டது.

நான் கேட்க வந்தது இதற்கு நேர் எதிரானது. தயாராகாத பிள்ளையை டெஸ்ட்டில் பெயில் போடுங்கள். என் மகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கல்லூரி நாட்களில் ஷோட்டோகான் என்ற கராத்தே ஸ்டைல் பழகினேன். பிளாக்குக்கு முந்தைய பிரவுன் பெல்ட் வரை வந்தபோது வேலை கிடைத்து ஊர் மாறியது, அதோடு நின்றுவிட்டது. இப்போது மகள் பழகுகிறாள், கிரீன் பெல்ட். மாலை நேரங்களில் குடியிருப்பின் கார் பார்க்கிங் ஓரமாக மற்ற பெற்றோரோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் ஃபோனைப் பார்ப்பார்கள். நான் பிள்ளைகளின் கால்களைப் பார்ப்பேன். பழைய பழக்கம், போகவில்லை.

சமீபத்தில் ஒரு பள்ளி ஹாலில் டெஸ்ட் நடந்தது. எந்தப் பள்ளி, எந்த மாஸ்டர் என்பது இங்கே வேண்டாம். பல ஊர்களில் நடப்பதுதான். பிள்ளைகள் வரிசையாக நிற்க, உதவி மாஸ்டர் "இச், நி, சான், ஷி" என்று ஜப்பானிய மொழியில் எண்ண, ஹெய்யான் ஷோடான் கட்டா தொடங்கியது. கட்டா என்றால் எதிராளி இல்லாமல் வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர். இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு பஞ்ச். அப்படியே பின்னால் திரும்பி இன்னொரு தடுப்பு. நடுக்கோட்டில் மூன்று மேல்தடுப்பு, மூன்றாவதில் கியாய் என்ற கத்தல். அதுவரை எல்லாரும் ஒன்றாகத்தான் போனார்கள். அதற்கப்புறம்தான் வில்லங்கமான இடம் வருகிறது. வலது காலை ஊன்றிக்கொண்டு, இடது காலைப் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். அது வராத பிள்ளை என்ன செய்யும்? சுருக்கு வழியாக வலப்பக்கம் கால்வாசி வட்டம் மட்டும் திரும்பிவிடும். போய் நிற்கும் திசை சரிதான். தூரத்திலிருந்து பார்க்கும் அப்பா அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் முன்னால் இருக்கும் கால் தவறான கால். அதனால் அடுத்த பஞ்சும் தவறு, அதற்கடுத்ததும் தவறு. அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் திரும்பினார்கள். ஒரு பையன் அதுவும் புரியாமல் பக்கத்துப் பெண்ணுக்கு எதிரே முகத்துக்கு முகம் நின்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

டெஸ்ட் எடுக்க வந்தவர் அப்போது மேசையில் குனிந்து சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெயரும் புதிய பெல்ட்டின் நிறமும் அவற்றில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன.

எல்லாரும் பாஸ். குரூப் போட்டோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், சமோசா. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளை. அந்தத் திருப்பம் தனக்கு வரவில்லை என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. இனிச் சொல்லப்போவதும் இல்லை. பாஸாகிவிட்டான், அடுத்த வாரம் அடுத்த கட்டா தொடங்கிவிடும்.

பெல்ட் கட்டிவிடும் மேடையில் உங்களில் பலர் ஒரு கதை சொல்வீர்கள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒயிட் பெல்ட்தான், துவைக்காமல் வருடக்கணக்கில் பழகப் பழக வியர்வையும் அழுக்கும் ஏறி அதுவே பிளாக் பெல்ட் ஆகிவிடும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நடந்தது அதுவல்ல. 1882-ல் டோக்கியோவில் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, அடுத்த ஆண்டே தோமிதா, சைகோ என்ற இரண்டு மாணவர்களுக்கு முதல் டான், அதாவது பிளாக் பெல்ட் நிலையின் முதல் படி கொடுத்தார். டான் என்கிற படிவரிசை கோ என்ற பலகை ஆட்டத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பிளாக் பெல்ட்டும் அந்தப் பத்தாண்டிலேயே கோடோகானில் வந்துவிட்டது. அதில் அழுக்குக்கு ஒரு வேலையும் இல்லை.

கராத்தேக்கு அது வந்தது இன்னும் தாமதமாக. கராத்தே பிறந்த ஓகினாவா தீவில் பழைய ஆசிரியர்கள் நாலைந்து பேரை வீட்டு முற்றத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்த காலத்தில் பெல்ட்டும் கிடையாது, டானும் கிடையாது. 1901-ல் இடோசு அங்கோ என்ற ஆசிரியர் அங்குள்ள ஷூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். நம் பிள்ளைகள் இன்றைக்குச் செய்யும் ஹெய்யான் கட்டாக்கள் அவர் வகுத்த பினான் கட்டாக்களிலிருந்து வந்தவை. ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவுக்கு வந்து, கானோவின் அழைப்பில் கோடோகானில் செய்து காட்டினார். 1924 ஏப்ரலில் தன் மாணவர்கள் ஏழு பேருக்கு முதல் டான் கொடுத்தார். கராத்தேயின் முதல் பிளாக் பெல்ட்கள் அவைதான். கலர் பெல்ட்களோ ஐரோப்பாவில் ஜூடோ கற்றவர்களிடையே வளர்ந்தவை. பாரிஸில் 1930-களில் கற்பித்த கவாய்ஷி மிக்கினோசுகே அவற்றைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று. கானோ டோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஃபுனகோஷி பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியர். இடோசு கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனவர். இந்தக் கலையில் தேர்வும் படியும் வந்தது வாத்தியார்கள் வழியாகத்தான். தேர்வு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். சான்றிதழை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொண்டு நடத்துவதற்குத் தேர்வு என்ற பெயர் எதற்கு? ஆண்டு விழா என்று சொல்லிவிடலாம், நாங்களும் நல்ல துணி போட்டுக்கொண்டு வருவோம்.

படியே வேண்டாம் என்று இருந்த பெரியவர்களும் உண்டு. கோஜு ரியூ என்ற கராத்தே ஸ்டைலைத் தொடங்கிய மியாகி சோஜுன் 1953-ல் இறக்கும்வரை யாருக்கும் டான் கொடுக்கவில்லை. அவருடைய மாணவர்களுக்கு டான் வந்தது அவர் போன பிறகுதான். நம் ஊர் ஃபிளெக்ஸ் பேனர்களில் மாஸ்டர் பெயருக்குப் பக்கத்தில் எட்டாம் டான், ஒன்பதாம் டான், கிராண்ட் மாஸ்டர் என்று வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும். நம் சிலம்ப ஆசான்களை மட்டும் எந்த பெல்ட் வைத்து மதித்தார்கள்? இன்னாரிடம் கம்பு பிடித்தவன் என்றால் ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் பெல்ட்டை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாலைந்து பேர் இருந்த முற்றத்தில் அது தேவைப்படவில்லை. நாற்பது பிள்ளைகள் நிற்கும் ஹாலில் தேவைப்படுகிறது. யாருக்கு அடுத்து என்ன சொல்லித்தர வேண்டும் என்று மாஸ்டர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம். இன்னொரு பயனும் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இருவர் மோதிப் பழகும் குமித்தேயில் எதிரே நிற்பவருக்கு பெல்ட் ஒரு தகவல் சொல்கிறது. ஒயிட் பெல்ட் எதிரே நின்றால் இவன் கை எங்கே வரும் என்று அவனுக்கே தெரியாது, தள்ளி நில் என்று பொருள். பிரவுன் பெல்ட் நின்றால் இவன் முகத்துக்கு அடித்தாலும் தோலுக்கு முன்னால் கையை நிறுத்தத் தெரிந்தவன், நம்பி உள்ளே போகலாம் என்று பொருள்.

சென்ற ஆண்டு என் மகளை ஒரு பிரவுன் பெல்ட் பையனோடு நிறுத்தினார்கள். அவளும் அந்த நிறத்தை நம்பித்தான் உள்ளே போனாள். பையன் கையை நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியாது என்பதுதான் உண்மை. அவனுடைய இரண்டு பெல்ட்கள் டபுள் புரமோஷனில் வந்தவை என்று அப்புறம் தெரிந்தது. மூக்கில் ரத்தம், வெள்ளை கராத்தே உடை முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கறை. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையன் அவளைவிட அதிகமாக அழுதான், பாவம். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நிறத்தை அவன் இடுப்பில் கட்டியவர் மேல் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

பெல்ட்டை நான் மாஸ்டரின் கையெழுத்தாகத்தான் பார்க்கிறேன். இந்தப் பிள்ளைக்கு இது இது வரும், நான் பார்த்துவிட்டேன், எதிரே நிற்பவர் நம்பலாம் என்று நீங்கள் எழுதித் தருவது அது. பிள்ளை தவறு செய்தால் அது பயிற்சி. கையெழுத்துப் பொய்யானால் அதற்குப் பொறுப்பு உங்களுடையது.

அந்தக் கையெழுத்து உங்கள் வகுப்புக்கு வெளியே அதிக தூரம் போகாது என்பதையும் பெற்றோரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஷோட்டோகானில் யெல்லோ தொடக்கத்தில் வரும். கியோகுஷின் என்ற இன்னொரு ஸ்டைலில் ஆரஞ்சும் புளூவும் தாண்டித்தான் யெல்லோ. வீடு மாறி வேறு ஸ்டைல் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை மறுபடி ஒயிட் பெல்ட்டில் நிறுத்தியதற்கு ஒரு அப்பா போட்ட சண்டையை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவருக்கு இதை விளக்கவே இல்லை. அப்புறம் போட்டிகள். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டியில் களத்தில் இறங்குபவர் ஒன்று சிவப்பு பெல்ட் கட்ட வேண்டும், இல்லையென்றால் நீலம். எத்தனையாவது டான் என்பது அங்கே கண்ணில் படாது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ புடோகான் அரங்கில், கராத்தே முதன்முதலாக இடம்பெற்ற ஒலிம்பிக்கில், கட்டாவில் தங்கம் வாங்கிய ஓகினாவாக்காரர் கியுனா ரியோவும் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸும் அப்படித்தான் நின்றார்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் போட்டியில் என்ன இடம் என்பதைத்தான் பார்ப்பார்கள். "பெல்ட் சர்டிஃபிகேட் பின்னாடி உதவும் சார்" என்று சேர்க்கை நாளன்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். இதைப் பேசாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் உபதேசம்.

மாதக் கட்டணத்தை வைத்து உங்களால் குடும்பம் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஹாலுக்கு வாடகை, பள்ளிக்கூடத்துக்குப் பங்கு, சங்கத்துக்குச் சந்தா, மழைக்காலத்தில் பாதி வகுப்பு ரத்து, மே மாதத்தில் பாதிப் பிள்ளைகள் ஊரில். மாதம் இருநூறு ரூபாய் கூட்டினால் நாங்கள் முகம் சுளிப்போம். அதே நாங்கள் டெஸ்ட் ஃபீஸ் என்றால் எவ்வளவு என்று கேட்காமல் கட்டுவோம். பிளாக் பெல்ட் டெஸ்ட் என்றால் ஐந்து இலக்கம் கேட்டாலும் கடன் வாங்கியாவது கட்டும் பெற்றோர் உண்டு. ஆக, மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட் வைத்தால்தான் உங்கள் கணக்கு நேராகும். பெயில் போட்டால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளை தெருமுனையில் உள்ள இன்னொரு வகுப்புக்குப் போய்விடும். அங்கே பெல்ட் தயாராக இருக்கும். இந்தச் சிக்கலில் பாதிக்கு மேல் எங்களால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் ஒரு யோசனை. டெஸ்ட் ஃபீஸை எடுத்துவிட்டு, அந்தத் தொகையை மாதக் கட்டணத்தில் பிரித்துப் போடுங்கள். பாஸோ பெயிலோ உங்களுக்கு வருவது ஒன்றாகவே இருக்கட்டும். பெல்ட் வாங்கும்போது பெல்ட்டின் விலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்புப் பெற்றோரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். நான் பயந்த அளவுக்கு எதிர்ப்பு இல்லை. ஒரு அம்மா மட்டும், "அப்போ எப்போதான் பிளாக் பெல்ட் வரும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக பிளாக் பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சின்ன வயதில், பிளாக் பெல்ட் வாங்கினால் கை ஆயுதமாகிவிடும், போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுக்கதை உலவியது. நாங்கள் அதை முழுதாக நம்பினோம். இன்றைக்கு எட்டு வயதுப் பிள்ளை பிளாக் பெல்ட் கட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறது. எந்த போலீஸிடம் போய்ப் பதிவு செய்வது? செய்தித்தாளில் ஓடு உடைக்கும் சாதனைப் படம் வேறு.

பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்கு மற்ற கலைக்காரர்கள் வழி கண்டிருக்கிறார்கள். டேக்வாண்டோவில் டான் வழங்கும் தலைமை அமைப்பான குக்கிவோன் 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு டானுக்குப் பதிலாகப் பூம் என்ற தனிப் படி கொடுக்கிறது. பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பிள்ளைக்கும் பெருமை, பார்ப்பவருக்கும் குழப்பமில்லை. பிரேசிலிய ஜூஜிட்சுவில் 16 வயதுக்குக் கீழே நிறவரிசையே தனி. அங்கே சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி 19 வயதுக்கு முன் பிளாக் பெல்ட் கிடையாது. கராத்தேயிலும் ஜூனியர் பிளாக் பெல்ட் என்று தனியாக வைத்து, பெரியவர்களான பிறகு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லும் அமைப்புகள் இருக்கின்றன. உங்களில் சிலரும் அப்படிச் செய்கிறீர்கள். மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொண்டால் போதும், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பெயிலாவது அவமானம் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானின் வாள் கலையான கெண்டோவைக் காட்டுவேன். அங்கே படியைக் காட்டும் பெல்ட்டே இல்லை, எந்த டானாக இருந்தாலும் உடை ஒன்றுதான். ஆனால் எட்டாம் டான் தேர்வு இருக்கிறது. அதில் உட்கார 46 வயது ஆகியிருக்க வேண்டும், ஏழாம் டான் வாங்கி 10 ஆண்டு பழகியிருக்க வேண்டும். தேறுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் தோற்று, மறுபடி பழகி, மறுபடி வந்து நிற்கிறார்கள். யாரும் வகுப்பு மாறிப் போவதில்லை. நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். முக்கால் வட்டத் திருப்பம் வந்தபிறகு வா என்று சொல்லும் அளவு போதும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது இன்னும் முக்கியம். நாங்கள் அவர்களைச் சேர்ப்பதே பஸ்ஸிலும் தெருவிலும் பயமில்லாமல் போய்வர வேண்டும் என்றுதான். இடுப்பில் பிளாக் பெல்ட் இருக்கிறது, எவன் வந்தாலும் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு பதினான்கு வயதுப் பெண் நம்பினால், அந்த நம்பிக்கை பொய்யாக இருந்தால், அதன் விலையைக் கொடுப்பது அவள்தான். கத்து, கையை உதறு, ஓடு என்று சொல்லிக்கொடுப்பதற்கு பெல்ட் தேவையே இல்லை. பல வகுப்புகளில் சிலபஸில் இல்லை என்பதால் அதை யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

சிலபஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் என்னென்ன வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த ஸ்டான்ஸ், எந்தத் தடுப்பு, எந்த கட்டா, குமித்தேயில் எவ்வளவு கட்டுப்பாடு என்று. டெஸ்ட் எடுக்க, முடிந்தால், உங்கள் மாணவர்களின் பெயர்கூடத் தெரியாத வேறு மாஸ்டர் ஒருவரைக் கூப்பிடுங்கள். முடிவை அன்றைக்கே சொல்ல வேண்டாம், ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயிலான பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, எது வரவில்லை என்று செய்து காட்டுங்கள். பிள்ளை அழும். நாங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சமாளித்துக்கொள்கிறோம், கணக்கில் முப்பது மதிப்பெண் வாங்கி வரும்போது சமாளிக்கிறோம் அல்லவா.

எங்கள் பங்குக்கு, பெயில் போட்டதற்காகப் பத்து மணிக்கு ஃபோன் செய்து உங்களைத் திட்ட மாட்டோம். எதிர் ஃபிளாட் பையனோடு ஒப்பிட மாட்டோம், அல்லது உங்கள் காதுபட ஒப்பிட மாட்டோம். கூட்டிய மாதக் கட்டணத்தை ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுவோம்.

அடுத்த டெஸ்ட் புளூ பெல்ட்டுக்கு என்று சொல்லியிருக்கிறீர்கள். என் மகளுக்கு ஹெய்யான் யோண்டான் கட்டாவில் கிக் போட்ட காலைத் திரும்ப இழுக்காமல் அப்படியே கீழே போடும் பழக்கம் இருக்கிறது. நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள், "மாஸ்டர் ஒண்ணும் சொல்லலையே" என்கிறாள். அன்றைக்கும் அப்படியே செய்தால் பாஸ் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கிரீன் பெல்ட்டின் அப்பா